ஷார்லட் கூப்பருக்கு ஓர் ஆடுகளம்: விம்பிள்டன் கிளப்புக்கு ஒரு திறந்த மடல்

ஆல் இங்கிலாந்து லான் டென்னிஸ் அண்ட் குரோக்கே கிளப்பின் தலைவருக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,

வணக்கம்.

உங்கள் வளாகத்தின் வாசல்களில் ஒன்றுக்கு டோஹர்ட்டி என்று பெயர். ரெஜினால்ட், லாரன்ஸ் என்ற இரண்டு சகோதரர்களின் நினைவாக 1931-இல் வைத்த வாசல் அது. மூத்தவரான ரெஜினால்ட் 1897 முதல் 1900 வரை வரிசையாக நான்கு முறை விம்பிள்டன் ஒற்றையர் பட்டத்தை வென்றவர். அவர் பெயரில் ஒரு வாசல் இருப்பது நியாயம்தான்.

1900 ஜூலையில் இதே ரெஜினால்ட் பாரிஸ் ஒலிம்பிக்கில் கலப்பு இரட்டையர் ஆடி வென்றார். அன்று வலைக்கு இந்தப் பக்கம் அவரோடு நின்று ஆடிய பெண் ஷார்லட் கூப்பர். அவர் விம்பிள்டன் ஒற்றையரை ஐந்து முறை வென்றவர். ஒலிம்பிக் வரலாற்றில் தனிநபர் போட்டி ஒன்றை வென்ற முதல் பெண்ணும் அவர்தான். அவர் பெயரில் உங்களிடம் வாசல் இல்லை, ஆடுகளம் இல்லை, சிலையும் இல்லை. இந்த மடல் அதைப் பற்றியது. கடைசியில் ஒரு கோரிக்கை வைக்கிறேன். அதற்கு முன்னால் அவர் வாழ்க்கையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் இது திறந்த மடல், தமிழில் படிக்கிறவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்காது. எங்கள் ஊர்ப் பொது அறிவுப் புத்தகங்களில் 'ஒலிம்பிக்கில் வென்ற முதல் பெண் யார்?' என்ற கேள்விக்குக் கீழே ஒற்றை வரியாக அவர் வருவார், அவ்வளவுதான். (அந்தக் கேள்வியே சற்றுப் பிசகு. அதே 1900-இல், சில வாரங்களுக்கு முன்பு, ஹெலன் தெ பூர்தலெஸ் என்ற பெண் பாய்மரப் படகுக் குழுவில் ஒருவராக வென்றிருந்தார். தனியாக நின்று வென்ற முதல் பெண் என்று சொன்னால் சரி.)

ஷார்லட் 1870 செப்டம்பர் 22 அன்று லண்டனுக்கு மேற்கே உள்ள ஈலிங்கில் பிறந்தார். அப்பா ஹென்றி கூப்பர், மாவு ஆலைக்காரர். ஆறு பிள்ளைகளில் ஷார்லட் கடைக்குட்டி, வீட்டில் செல்லப் பெயர் சாட்டி. ஈலிங் டென்னிஸ் கிளப்பில் ஆடக் கற்றுக்கொண்டு, 14 வயதிலேயே அந்தக் கிளப்பின் சாம்பியன் ஆனார். அன்று அம்மா அவருக்கு இருப்பதிலேயே நல்ல உடையை உடுத்தி அனுப்பினாராம். வாழ்க்கையில் தான் ஆடிய முதல் முக்கியமான ஆட்டம் அதுதான் என்று பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார்.

அந்தக் காலத்தில் ஒரு பெண் டென்னிஸ் ஆட வந்தால் எதையெல்லாம் சுமந்துகொண்டு வர வேண்டும் என்று நினைத்துப் பார்க்கிறேன். கணுக்கால் வரை தொங்கும் பாவாடை. உள்ளே இடுப்பை இறுக்கும் கச்சை. கழுத்து வரை மூடிய, முழுக்கை வைத்த சட்டை. பந்தை இடுப்புக்குக் கீழிருந்து தூக்கிப் போட்டு சர்வீஸ் செய்துவிட்டுப் பின்கோட்டிலேயே நின்று மாறி மாறி அடிப்பதுதான் பெண்கள் ஆட்டம் என்று பலரும் நினைத்த காலம். ஷார்லட் பந்தைத் தலைக்கு மேலே தூக்கிப் போட்டு அடித்தார். அடித்த கையோடு வலையை நோக்கி ஓடினார். தரையைத் தொடுமுன்னே பந்தை மறித்து வாலி அடிப்பதுதான் அவர் பலம். அந்தப் பாவாடையோடு முன்னால் ஓடுவது, ஓடிய வேகத்தில் நிற்பது, குனிந்து பந்தை எடுப்பது! பெண்கள் டென்னிஸில் இன்று நாம் பார்க்கும் தாக்கி ஆடும் பாணிக்கு அவர் காலத்து ஒரு சிலரே வழி போட்டார்கள். அதில் முன்வரிசையில் நின்றவர் அவர்.

1895-இல் அவர் முதல் விம்பிள்டன் பட்டத்தை வென்ற கதை எனக்கு மிகவும் பிடிக்கும். அன்றைய விதிப்படி முந்தைய ஆண்டின் சாம்பியன் காத்திருப்பார். மற்றவர்கள் எல்லோரும் தங்களுக்குள் மோதி, அதில் ஜெயித்தவர் வந்து அவரைச் சந்திக்க வேண்டும். அந்த ஆண்டு சாம்பியன் பிளான்ச் ஹில்யார்ட் பட்டத்தைக் காக்க வரவில்லை. ஆகவே மற்றவர்களுக்கான இறுதி ஆட்டமே பட்டத்தைத் தீர்மானிப்பதாக ஆகிவிட்டது. எதிரே ஹெலன் ஜாக்சன். முதல் செட்டில் ஷார்லட் 0–5 என்று பின்தங்கினார். இன்னும் ஒரே ஒரு கேம் போனால் செட் போய்விடும். அங்கிருந்து மீண்டு 7–5 என்று செட்டை எடுத்தார். இரண்டாவது செட்டிலும் அதே 0–5. மறுபடியும் மீண்டு 8–6. ஒரே ஆட்டத்தில் இரண்டு முறை விளிம்பு வரை போய்த் திரும்பி வந்த அந்த நெஞ்சுரத்தை என்னவென்று சொல்வது!

அப்புறம் அவர் வீடு திரும்பியது பற்றி அந்தக் குடும்பத்தில் ஒரு கதை சொல்வார்கள். டென்னிஸ் மட்டையை சைக்கிளின் முன்பக்கத்தில் மாட்டிக்கொண்டு மிதித்து வந்தாராம். தோட்டத்தில் வேலி வெட்டிக்கொண்டிருந்த அண்ணன், எங்கே போயிருந்தாய் சாட்டி என்று கேட்டார். 'சாம்பியன்ஷிப்பை ஜெயித்துவிட்டு வருகிறேன்' என்றார் தங்கை. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை, கத்தரிக்கோலை எடுத்து வேலியைத் தொடர்ந்து வெட்டினார்.

படித்த அன்றிலிருந்து அந்தக் கத்தரிக்கோல் சத்தம் என் காதைவிட்டுப் போகவில்லை. அண்ணனைக் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. வீட்டுப் பெண் எங்கோ ஆடப் போனாள், ஆடிவிட்டு வந்தாள், இதில் என்ன இருக்கிறது என்று தோன்றியிருக்கும். வெற்றியைக் காதில் வாங்கிக்கொண்டும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் இருக்க ஒரு வீட்டால் முடியும். ஒரு நிறுவனத்தாலும் முடியும். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

மறு ஆண்டும் பட்டம் அவருக்கே. அந்த 1896-இல் அவருக்கு 26 வயது நிறைந்தது. 26-ஆம் வயதில் அவர் செவித்திறனை இழந்தார்.

டென்னிஸ் ஆடியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், காது எவ்வளவு முக்கியம் என்று சொல்வார்கள். எதிராளி மட்டையின் நரம்பில் பந்து பட்ட ஓசையை வைத்தே அது வேகமாக வருகிறதா, சுழன்று வருகிறதா, விளிம்பில் பட்டு மெதுவாக வருகிறதா என்று கால் முடிவு செய்துவிடும். கண் பார்ப்பதற்குள் காது சொல்லிவிடுகிறது. அதுவும் வலைக்குப் பக்கத்தில் நின்று வாலி அடிப்பவருக்கு யோசிக்க நேரமே கிடையாது. உங்கள் சென்டர் கோர்ட்டில் ஆட்டம் நடக்கும்போது பதினைந்தாயிரம் பேர் இருமலைக்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எதற்காக? ஆடுகிறவருக்குப் பந்தின் ஓசை கேட்க வேண்டும் என்பதற்காகவும்தானே. அந்த ஓசை இல்லாமல், நடுவர் கூப்பிடும் குரல் இல்லாமல், இரட்டையரில் கூட ஆடுபவரின் கத்தல் இல்லாமல் ஷார்லட் ஆடினார். தன் ஆட்டத்தின் பாணியையும் மாற்றிக்கொள்ளவில்லை, வலைக்குத்தான் ஓடினார். 1898, 1901, 1908 என்று மூன்று விம்பிள்டன் பட்டங்களும், நடுவில் 1900 ஒலிம்பிக்கும் அதற்குப் பிறகு வந்தவை. அந்த வெற்றிகளுக்கெல்லாம் எழுந்த கைத்தட்டலை அவர் கண்ணால்தான் பார்த்திருக்க வேண்டும்.

பாரிஸைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1900 ஒலிம்பிக் ஓர் உலகப் பொருட்காட்சியின் ஓரத்தில், மாதக்கணக்கில் இழுத்து இழுத்து நடந்தது. ஏறக்குறைய ஆயிரம் போட்டியாளர்களில் பெண்கள் 22 பேர். ஜூலை 11 அன்று சேன் நதியின் நடுவே புத்தோ தீவில், பிரான்ஸின் ஹெலன் பிரேவோவை 6–1, 6–4 என்று ஷார்லட் வென்றார். தங்கப் பதக்கம் என்ற ஒன்று அந்த ஒலிம்பிக்கில் டென்னிஸுக்குக் கிடையாது. பதிவேடுகளில் இன்று அவர் பெயருக்கு நேரே இருக்கும் தங்கம் பிற்காலத்தில் சேர்த்தது.

1901 ஜனவரியில் ஷார்லட் கூப்பருக்கும் ஆல்ஃபிரட் ஸ்டெர்ரி என்ற வழக்கறிஞருக்கும் திருமணம் நடந்தது. அந்தக் கோடையிலேயே அவர் பிளான்ச் ஹில்யார்டை 6–2, 6–2 என்று வென்று நான்காவது முறை சாம்பியன் ஆனார். ஆனால் சாம்பியன்களின் பெயர்களை எழுதி வைத்திருக்கும் உங்கள் பலகைப் பட்டியலில் பெயர் மாறிவிட்டது. 1895, 1896, 1898 ஆகிய ஆண்டுகளுக்கு நேரே 'மிஸ் சி. ஆர். கூப்பர்'. 1901, 1908 ஆண்டுகளுக்கு நேரே 'மிஸஸ் ஏ. ஸ்டெர்ரி'. அந்த 'ஏ' ஆல்ஃபிரடின் முதலெழுத்து. ஆட்டத்தை ஆடியவர் ஷார்லட், எழுத்தோ அவர் கணவருடையது.

இது அவர் ஒருவருக்கு மட்டும் நடந்ததில்லை. பிளான்ச் பிங்லி 1886-இல் பிங்லியாக வென்றார், மற்ற ஐந்து முறை ஜி. டபிள்யூ. ஹில்யார்டின் மனைவியாக. டொரோதியா டக்ளஸ் மூன்று பட்டங்களைத் தன் பெயரிலும் நான்கு பட்டங்களை 'மிஸஸ் ஆர். லாம்பர்ட் சேம்பர்ஸ்' என்றும் பெற்றார். அது என்னவோ பழைய காலம் என்று ஒதுக்கவும் முடியாது. 1981-இல் கிறிஸ் எவர்ட் வென்றபோதுகூட உங்கள் பலகையில் அவர் 'மிஸஸ் ஜே. எம். லாய்ட்' என்றுதான் எழுதப்பட்டார். ஆண்களுக்கு முன்னால் ஒருபோதும் 'மிஸ்டர்' வந்ததில்லை, மனைவியின் எழுத்தும் வந்ததில்லை.

இது ஏன் தமிழ் பேசும் ஒருத்தியை இவ்வளவு உறுத்துகிறது என்று நீங்கள் கேட்கலாம். எங்களிடம் குடும்பப் பெயர் வழக்கம் அநேகமாக இல்லை. பெயருக்கு முன்னால் அப்பாவின் முதலெழுத்தை இனிஷியலாகப் போடுவோம். கல்யாணமானால் பெண்ணுக்கு அந்த எழுத்து கணவருடையதாக மாறும். என் அத்தை கல்லூரிக் காலத்தில் பூப்பந்து ஆடியவர். மாவட்ட அளவில் வாங்கிய சான்றிதழ்களை இரும்புப் பெட்டியில், பட்டுப் புடவைக்கு அடியில் வைத்திருந்தார். கல்யாணத்துக்குப் பிறகு விளையாட்டு வீரர்களுக்கான ஒதுக்கீட்டில் ஒரு வேலைக்கு விண்ணப்பித்தபோது, ஓர் அலுவலகத்தில் அந்தச் சான்றிதழ்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, 'இதில் இருப்பது நீங்கள்தான் என்பதற்கு என்ன ஆதாரம்?' என்று கேட்டார்கள். ஒற்றை எழுத்து மாறியிருந்தது, அதுதான் காரணம். உறுதிமொழிப் பத்திரம் எழுதி, கையெழுத்து வாங்கி, திரும்பப் போவதற்குள் கடைசித் தேதி முடிந்துவிட்டது. அந்தச் சாயங்காலம் அத்தை ஒன்றும் பேசவில்லை. சான்றிதழ்களை மறுபடியும் பெட்டிக்குள் வைத்து மூடினார். நான் சின்னப் பெண், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதனால்தான் ஷார்லட்டின் பெயர் அந்தப் பட்டியலில் இரண்டாகப் பிரிந்து கிடப்பதைப் பார்த்தபோது எனக்கு அது புதிதாகத் தோன்றவில்லை.

2022-இல் நீங்கள் ஒரு நல்ல காரியம் செய்தீர்கள். பலகையில் பெண்களின் பெயருக்கு முன்னால் இருந்த மிஸ், மிஸஸ் இரண்டையும் நீக்கினீர்கள். அதற்கு முன்பே, 2019-இல், நடுவர்கள் ஸ்கோர் சொல்லும்போது அந்த அடைமொழிகளைச் சொல்ல வேண்டாம் என்று முடிவெடுத்தீர்கள். இரண்டுக்கும் மனமார்ந்த நன்றி. ஆனால் அடைமொழியை எடுத்துவிட்டால் மட்டும் கதை திரும்பி வந்துவிடாது. 1898-க்கு நேரே கூப்பர் என்றும் 1908-க்கு நேரே ஸ்டெர்ரி என்றும் படிக்கிற ஒரு பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு, இருவரும் ஒருவரே என்று யார் சொல்வார்கள்? காது கேட்காத பெண் என்று, ஐந்து முறை வென்றவர் என்று, சைக்கிளில் வந்து போனவர் என்று?

ஸ்டெர்ரி என்ற பெயரை அவர் வெறுத்தார் என்று நான் சொல்ல வரவில்லை. அறுபது ஆண்டுகளுக்கும் மேல் அந்தப் பெயரோடுதான் வாழ்ந்தார். கணவர் ஆல்ஃபிரடும் டென்னிஸோடு நெருக்கமானவர்தான், பிற்காலத்தில் உங்கள் நாட்டு லான் டென்னிஸ் சங்கத்தின் தலைவராக இருந்தார். என் வருத்தம் அவர்மேல் இல்லை, ஷார்லட் என்ற பெயரை எழுத இடம் விடாத அந்தப் பழைய வழக்கத்தின்மேல்.

1902 இறுதியைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை, அது அவர் தோற்ற ஆட்டமாக இருந்தாலும். எதிரே மியூரியல் ராப். ஆளுக்கு ஒரு செட் எடுத்திருந்தார்கள், இரண்டாவது செட் 13–11 வரை நீண்டது. மழை வந்தது. மறுநாள் விட்ட இடத்தில் தொடராமல், முதலிலிருந்து மறுபடி ஆடச் சொன்னார்கள். 34 கேம் ஆடியது காற்றோடு போனது. மறுநாள் ராப் 7–5, 6–1 என்று வென்றார். இரண்டு நாளும் சேர்த்து 53 கேம், அந்தப் பாவாடைகளோடு. ராப் ஐந்தே ஆண்டுகளில், 28 வயதில் இறந்துபோனார். அவரையும் யாரும் பேசுவதில்லை. 1895 முதல் 1902 வரை எட்டு ஆண்டுகளும் பட்டத்துக்கான ஆட்டத்தில் ஷார்லட் இருந்தார். வரிசையாக ஒன்பது இறுதி ஆடி மார்ட்டினா நவ்ரதிலோவா அதைத் தாண்டியது 1990-இல்.

1908 வந்தபோது அவர் இரண்டு குழந்தைகளுக்குத் தாய். மகன் ரெக்ஸ் 1903-இலும் மகள் குவென் 1905-இலும் பிறந்திருந்தார்கள். கடைசிப் பட்டம் வென்று ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. இவர் ஆட்டம் முடிந்தது என்று யார் நினைத்திருந்தாலும் தப்பில்லை. வழியில் டொரோதியா லாம்பர்ட் சேம்பர்ஸை, அந்தக் காலத்தின் ஆகச் சிறந்த வீராங்கனையை, வீழ்த்தினார். இறுதியில் ஆக்னஸ் மார்ட்டனை 6–4, 6–4 என்று வென்றார். நடப்புச் சாம்பியன் மே சட்டன் அந்த ஆண்டு வராததால் பட்டமும் கையில் வந்தது. அன்று அவருக்கு வயது 37, கூடவே 282 நாள். உங்கள் போட்டியில் பெண்கள் ஒற்றையரை வென்றவர்களில் இன்றுவரை மூத்தவர் அவர்தான். செரீனா வில்லியம்ஸாலும் அதைத் தாண்ட முடியவில்லை. குழந்தை பெற்ற பின் அங்கே ஒற்றையர் பட்டம் வென்றவர்கள் மொத்தமே நான்கு பேர்: ஹில்யார்ட், ஸ்டெர்ரி, லாம்பர்ட் சேம்பர்ஸ், அப்புறம் 1980-இல் இவான் கூலகாங். 1914-க்கும் 1980-க்கும் நடுவில் ஒருவரும் இல்லை.

அதோடும் நிறுத்தவில்லை. 1912-இல், 41 வயதில், மறுபடி மற்றவர்களுக்கான இறுதி வரை வந்தார். பெண்கள் இரட்டையரை நீங்கள் சாம்பியன்ஷிப் போட்டியாகச் சேர்த்ததே 1913-இல்தான். அந்த முதல் ஆண்டிலேயே லாம்பர்ட் சேம்பர்ஸோடு சேர்ந்து இறுதிக்கு வந்தார். முதல் செட்டை வென்றும், காயத்தால் பாதியில் விலக நேர்ந்தது. ஐம்பது வயதைத் தாண்டியும் போட்டிகளில் ஆடினார். மகள் குவென் பிரிட்டன், அமெரிக்கப் பெண்கள் அணிகள் மோதிய வைட்மேன் கோப்பையில் பிரிட்டனுக்காக ஆடினார். மகன் ரெக்ஸ் உங்கள் கிளப்பின் நிர்வாகக் குழுவிலேயே துணைத் தலைவராக இருந்தார். ஒரு குடும்பமே உங்களுக்காக உழைத்திருக்கிறது. 1961-இல் நீங்கள் பழைய சாம்பியன்களை விருந்துக்கு அழைத்தபோது, 90 வயதில் ஸ்காட்லாந்திலிருந்து விமானம் ஏறி வந்து சேர்ந்தார் ஷார்லட். 1966 அக்டோபர் 10 அன்று ஸ்காட்லாந்தின் ஹெலன்ஸ்பர்க்கில் 96-ஆம் வயதில் மறைந்தார். அமெரிக்காவில் உள்ள சர்வதேச டென்னிஸ் புகழ்க் கூடம் அவரைச் சேர்த்துக்கொள்ள 2013 ஆகிவிட்டது.

சரி, கோரிக்கைக்கு வருகிறேன்.

ஷார்லட் வென்ற புல்தரை இன்று உங்கள் கையில் இல்லை. 1922-இல் நீங்கள் சர்ச் ரோட்டுக்கு மாறுவதற்கு முன்பு போட்டி நடந்த வோர்ப்பிள் ரோடு மைதானம், ரயில் பாதைக்குப் பக்கத்தில், இன்று விம்பிள்டன் பெண்கள் உயர்நிலைப் பள்ளியின் விளையாட்டுத் திடலாக இருக்கிறது. அவர் ஓடிய இடத்தில் இன்றும் பெண் பிள்ளைகள் ஓடுகிறார்கள் என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம். ஆனால் அந்த இடமாற்றத்தில் வோர்ப்பிள் ரோட்டுப் பெண்கள் பின்னால் விடப்பட்டார்கள். 2004-இல் உங்கள் வளாகத்தில் பிரிட்டிஷ் பெண் சாம்பியன்கள் ஐந்து பேருக்கு மார்பளவு வெண்கலச் சிலைகள் வைத்தீர்கள்: கிட்டி காட்ஃப்ரீ, டொரோதி ரவுண்ட், ஆஞ்சலா மார்ட்டிமர், ஆன் ஜோன்ஸ், வர்ஜீனியா வேட். ஐவரும் சர்ச் ரோட்டில் வென்றவர்கள். 1884-இல் 13 பேர் கலந்துகொண்ட முதல் பெண்கள் போட்டியில் தன் சொந்த அக்காவையே இறுதியில் வென்ற மாட் வாட்சன், 15 வயதில் சாம்பியனான லாட்டி டாட், ஏழு முறை வென்ற லாம்பர்ட் சேம்பர்ஸ், நம் ஷார்லட், இவர்கள் யாரும் அந்த வரிசையில் இல்லை. டோஹர்ட்டி சகோதரர்களும் வோர்ப்பிள் ரோட்டில் வென்றவர்கள்தான். அவர்களுக்கு வாசல் வைக்க இடமாற்றம் தடையாக இருக்கவில்லை.

விம்பிள்டன் பூங்காவில் முன்பு கோல்ஃப் மைதானமாக இருந்த நிலத்தில் 38 புல்தரைகளும், 8,000 பேர் உட்காரும் ஒரு புதிய அரங்கமும் கட்டத் திட்டமிட்டிருக்கிறீர்கள். அந்தத் திட்டத்தை அக்கம்பக்கத்தவர்களில் பலர் எதிர்த்து நீதிமன்றம் வரை போயிருப்பதும் தெரியும். அந்த வழக்கில் யார் பக்கம் நியாயம் என்று இவ்வளவு தொலைவிலிருந்து சொல்ல நான் ஆளில்லை. ஆனால் அந்த அரங்கம் எழுமானால் அதற்கு ஷார்லட் கூப்பரின் பெயரை வையுங்கள்.

எங்கள் ஆடுகளங்களுக்கு எண்தான், பெயர் வைப்பது வழக்கமில்லை என்று சொல்வீர்கள். உண்மைதான். சென்டர் கோர்ட், நம்பர் ஒன் கோர்ட், நம்பர் டூ கோர்ட் என்ற அந்த எளிமை எனக்கும் பிடிக்கும். ஆனால் பாரிஸில் இரண்டாவது பெரிய ஆடுகளத்துக்கு சுசான் லெங்லென் பெயர் இருக்கிறது, பெண்கள் கோப்பைக்கும் அவர் பெயர்தான். நியூயார்க்கில் மொத்த வளாகமுமே பில்லி ஜீன் கிங்கின் பெயரில் இருக்கிறது. மெல்போர்னில் மார்கரெட் கோர்ட் அரங்கம் இருக்கிறது. நான்கு பெரிய போட்டிகளில் மிகப் பழையது உங்களுடையது. முதல் பெண் சாம்பியன்கள் உங்களிடமிருந்துதான் வந்தார்கள். உங்களிடம் மட்டும்தான் ஒரு பெண்ணின் பெயரில் அரங்கமோ வளாகமோ இல்லை. வெள்ளை உடையில் உள்ளாடை நிறம்கூட மாறக் கூடாது என்று இருந்த விதியை, பெண்களின் மாதவிடாய்க் காலக் கவலையைக் கேட்டு 2023-இல் தளர்த்தினீர்கள். பரிசுத் தொகையை 2007-இல் சமமாக்கினீர்கள். 2023 டிசம்பரில் உங்கள் வரலாற்றிலேயே முதல் முறையாக டெபோரா ஜெவன்ஸ் என்ற பெண் தலைவர் பொறுப்புக்கு வந்தார். வழக்கம் என்பது மாறக்கூடியதுதான் என்று நீங்களே காட்டியிருக்கிறீர்கள்.

ஏன் லாட்டி டாட் இல்லை, ஏன் ஏழு முறை வென்ற லாம்பர்ட் சேம்பர்ஸ் இல்லை என்றும் கேட்கலாம். நியாயமான கேள்வி. புதிய நிலத்தில் 38 புல்தரைகள் வரப்போகின்றனவே, அவர்களுக்கும் இடம் இருக்கிறது. ஆனால் பெரிய அரங்கம் ஷார்லட்டுக்கு என்று நான் கேட்பதற்குக் காரணம், ஓர் ஆடுகளத்தின் பெயர் வாயால் சொல்லப்படும் பெயர் என்பதுதான். சிலையைப் பார்த்துவிட்டுக் கடந்து போய்விடலாம். ஆடுகளத்தின் பெயரை ஒவ்வொரு நாளும் ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும், டிக்கெட்டில் அச்சடிக்க வேண்டும், வர்ணனையாளர்கள் சொல்ல வேண்டும், 'எந்தக் கோர்ட்டில் ஆட்டம்?' என்று தொலைபேசியில் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ள வேண்டும். தன் வெற்றிகளில் பெரும்பாலானவற்றின் ஆரவாரத்தைக் காதால் கேட்க முடியாமல் போன பெண் அவர். இரண்டு வாரம் முழுக்க அவர் பெயரை நாங்கள் கேட்கிறோம்.

அதுவரை, பணமே செலவாகாத ஒரு சின்ன வேலையையும் செய்யலாம். பலகையில் பெயர் மாறி நிற்கும் பெண்களுக்கு, அதன் அருகிலேயே ஒரு குறிப்பு வையுங்கள், இவரும் அவரும் ஒருவரே என்று. பிங்லியும் ஹில்யார்டும், டக்ளஸும் லாம்பர்ட் சேம்பர்ஸும், கூப்பரும் ஸ்டெர்ரியும். அருங்காட்சியகத்துக்கு வரும் குழந்தை ஒரு நிமிடம் நின்று படித்தால் போதும்.

அரங்கத்துக்குப் பெயர்ப் பலகை எழுதும் நாள் வந்தால், முதலெழுத்துகளாகச் சுருக்காமல் முழுப் பெயரையும் எழுதுங்கள்: ஷார்லட் கூப்பர். கீழே ஸ்டெர்ரி என்ற பெயரையும் சேர்த்துவிடுங்கள், அதுவும் அவர் வாழ்ந்த பெயர்தான். அதற்கும் கீழே ஆண்டுகள்: 1895, 1896, 1898, 1901, 1908. ஐந்தும் ஒரே வரியில் வரட்டும்.

அன்புடன்,
பூப்பந்து ஆடிய ஓர் அத்தையின் மருமகள்